கோபத்துக்கும் வாக்குக்கும் நடுவே

பிள்ளை பட்டம் வாங்குவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, கருப்பு அங்கியோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

நான் இடைசெவல்காரன். எழுத்தாளர்கள் கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் இன்றைக்கு நான் இலக்கியம் பேச வரவில்லை. மக்களுக்குப் பிடிக்காமல் போன ஆட்சிகள், அந்த வெறுப்பு ரோட்டுக்கு வந்த நாட்கள், அதற்குப் பிறகு வந்த தேர்தல்கள், இவற்றைப் பேச வந்திருக்கிறேன். பட்டமளிப்பு விழாவில் எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். இந்தச் சம்பவங்கள் எல்லாவற்றிலும் படித்தவர்களின் கை இருந்திருக்கிறது. ரோட்டில் நின்றவர்கள் பக்கமும் இருந்தது, ரோட்டை அடைத்து நின்றவர்கள் பக்கமும் இருந்தது. நாளையிலிருந்து நீங்களும் அந்தக் கணக்கில் வருகிறீர்கள்.

கோவில்பட்டியை நடுவில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். வடக்கே விருதுநகர். மேற்கே குறிஞ்சாக்குளம். தென்கிழக்கே தூத்துக்குடி. மூன்றுமே காலையில் போய் மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரம்தான்.

முதலில் விருதுநகர். 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்றதும் தமிழ்நாட்டு மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். முதலமைச்சர் பக்தவத்சலம். ஊர்வலம், தடியடி, துப்பாக்கிச் சூடு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் சுடப்பட்டு இறந்தார். அரசு சொன்ன கணக்கிலேயே சாவு எழுபதை ஒட்டி வந்தது. கூட்டத்தின் கையும் சுத்தமாக இல்லை. திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களை உயிரோடு எரித்தார்கள். மொழிக்காக என்று சொல்லி அதை நியாயப்படுத்த முடியாது. நான் நியாயப்படுத்தவும் மாட்டேன்.

அப்போது வாக்குரிமை வயது 21. போலீசின் அடி வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு ஓட்டே கிடையாது. இரண்டு வருஷம் கழித்து 1967 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது அவர்களில் ஏராளமானவர்களுக்கு ஓட்டு வந்திருந்தது. அந்த இரண்டு வருஷமும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகப் போனார்கள், திண்ணைகளில் உட்கார்ந்து பேசினார்கள். அரிசிப் பஞ்சம் வேறு சேர்ந்துகொண்டது. ரேஷன் கடையில் கால்கடுக்க நின்ற தாய்மாருக்கு இந்தியைவிட அரிசிதான் பெரிய கோபம். மாணவனின் கோபமும் அந்தத் தாயின் கோபமும் ஒரே வாக்குச்சீட்டில் வந்து சேர்ந்தபோதுதான் காங்கிரஸ் ஆட்சி போனது.

விருதுநகரில் காமராஜர் தோற்றார். தோற்கடித்தவர் பெ.சீனிவாசன், மாணவர் போராட்டத்திலிருந்து வந்த இளைஞர். வித்தியாசம் 1,285 ஓட்டு. இந்தப் பக்கத்து மக்களுக்கு அது லேசான செய்தி இல்லை. பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி, எங்கள் தலைமுறையை ஸ்கூல் வாசல்படி ஏற வைத்தவர் காமராஜர். 1963-லேயே முதலமைச்சர் பதவியை விட்டுவிட்டார். துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்ட ஆட்சி அவருடையது இல்லை. ஆனாலும் அந்த ஆட்சிக்கான தண்டனையில் பெரும்பங்கை அவர்தான் சுமந்தார். ஜனங்கள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காமராஜர் தோற்றது சரி என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. ஓட்டு அப்படித்தான் விழும். ஆளைப் பிரித்துப் பார்த்துத் தண்டிக்கும் நிதானம் அதற்கு எல்லா நேரமும் இருப்பதில்லை.

இனி குறிஞ்சாக்குளம். இதைத்தான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இது சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின் கதை, இதை உங்களுக்கு யாரும் பாடத்தில் வைக்கவில்லை.

கரிசல் காட்டில் மழையை நம்பித்தான் வெள்ளாமை. கம்பு, பருத்தி, உளுந்து, மிளகாய். கிணறு வெட்டினால் ஆழம் போகும், ஊற்று கொஞ்சம்தான் சுரக்கும். கமலை இறைத்த காலம் போய் கரண்டு மோட்டார் வந்தபோது சம்சாரிக்குப் புது நம்பிக்கை பிறந்தது. கடன் வாங்கி மோட்டார் வைத்தார்கள். மழை பொய்த்த வருஷம் தண்ணீரும் இருக்காது, கரண்டு பில்லும் கடன் தவணையும் மட்டும் வரும். யூனிட்டுக்கு ஓரிரு பைசா கூட்டினார்கள் என்று சென்னையில் இருந்து பார்த்தால் சின்ன விஷயம். இங்கே அது ஜப்தியில் போய் முடிந்தது. கி.ரா. இதைக் ‘கரண்டு’ என்று ஒரு கதையாகவே எழுதினார். ஹரிஹரன் அதை இந்தியில் படமாக எடுத்தார்.

கோயம்புத்தூர் பக்கம் வையம்பாளையத்தில் இருந்து நாராயணசாமி நாயுடு என்ற விவசாயி எழுந்து வந்தார். கட்டணத்தைக் கட்டாதே, கடனுக்கு ஜப்தி செய்ய வருகிறவர்களை ஊருக்குள் விடாதே என்றார். 1972-இல் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். 1970-லும் 1972-லும் விவசாயிகளைச் சுட்டது தி.மு.க. ஆட்சி. 1965-இல் துப்பாக்கியை எதிர்த்துப் பேசி 1967-இல் ஆட்சிக்கு வந்த அதே கட்சி. 1972 ஜூலை 5-இல் இறந்தவர்களை நினைத்துத்தான் இன்றும் அந்த நாளை உழவர் தியாகிகள் நாளாக அனுசரிக்கிறார்கள். பிறகு அ.தி.மு.க. ஆட்சி வந்தது. 1980-ஆம் வருஷக் கடைசியில், இதோ பக்கத்தில் குறிஞ்சாக்குளத்தில், போலீஸ் சுட்டு எட்டு விவசாயிகள் செத்தார்கள். கொடியின் நிறத்தை வைத்துத் துப்பாக்கியைக் கணக்கிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை வரிசையாகச் சொல்கிறேன்.

நாயுடு 1982-இல் ஒரு கட்சி தொடங்கினார். லட்சக்கணக்கில் கூட்டம் கூட்டியவருக்கு ஓட்டு விழவில்லை. போராட்டத்துக்கு வந்த சம்சாரி, வாக்குச்சாவடிக்குப் போனதும் தன் சாதிக்காரனாகவோ, இரட்டை இலைக்காரனாகவோ, உதயசூரியன்காரனாகவோ, கைச்சின்னக்காரனாகவோ மாறிவிட்டார். 1984 டிசம்பர் தேர்தலுக்காகச் சுற்றிக்கொண்டிருந்த நாயுடு, கோவில்பட்டியில் தங்கியிருந்தபோது டிசம்பர் 21 அன்று மாரடைப்பில் இறந்தார். ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. நம் ஊர் மண்ணில் போன உயிர் அது.

அவர் கேட்டது என்ன ஆயிற்று? சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. எல்லா விவசாயிகளுக்கும் 1990-இல் கருணாநிதி ஆட்சியில் வந்தது. சுட்ட கட்சிகள் இரண்டுமே கடைசியில் கொடுத்தன. போராடியவரின் கட்சி ஜெயிக்கவில்லை, போராட்டம் ஜெயித்தது. இதில் எனக்கு வருத்தமும் உண்டு, ஆறுதலும் உண்டு. அந்தப் பதினைந்து, இருபது வருஷம் ஊருக்கு ஊர் சங்கம் வைத்து, மனு எழுதி, கூட்டம் போட்டு, ஜெயிலுக்குப் போன பெயர் தெரியாத மனிதர்கள் இல்லையென்றால், ஓட்டுக்காகக்கூட யாரும் இதைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

தூத்துக்குடி உங்கள் காலத்துக் கதை. 2018 பிப்ரவரி 12-இல் அ.குமரெட்டியாபுரம் மக்கள் ஸ்டெர்லைட் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து உட்கார்ந்தார்கள். தொண்ணூற்றொன்பது நாள் அமைதியாகவே உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தொண்ணூற்றொன்பது நாளும் அரசு அவர்களிடம் வந்து உட்கார்ந்து பேசியிருக்கலாம். நூறாவது நாள், மே 22, ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். அங்கே வண்டிகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் செத்தார்கள். பதினேழு வயதுப் பிள்ளையும் அதில் உண்டு. டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் முதலமைச்சர். பிறகு விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், ஓடிக்கொண்டிருந்தவர்களையும் சுட்டிருக்கிறார்கள் என்று எழுதியது. பதினேழு போலீசார் மீதும் அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

இந்த இடத்தில் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கலையாத கூட்டத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்துக் கலைக்கச் சொல்லும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. அன்றைக்குத் தூத்துக்குடியில் சுடச் சொல்லி உத்தரவிட்டதாகப் போலீஸ் பதிவேட்டில் வந்த பெயர்கள் நிர்வாக நடுவர்களாக இருந்த துணை வட்டாட்சியர்களுடையவை. தலைமைச் செயலாளரும் இல்லை, அமைச்சரும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. எழுதி வருவாய்த் துறைக்குப் போய்ப் படிப்படியாக ஏறி வருகிற பதவி அது. இந்த ஹாலில் பாதிப் பேர் குரூப் 2, குரூப் 4 பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களில் ஒருவரிடம் ஒரு நாள் அந்தக் காகிதம் வரும். மேலே இருப்பவர் போனில் மட்டும் சொல்வார், எழுத்தில் தரமாட்டார். பெயர் உங்களுடையதாக இருக்கும்.

2019-இல் நடந்ததும் யோசிக்க வேண்டிய விஷயம். மக்களவைக்குத் தூத்துக்குடியில் கனிமொழி மூன்று லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில், அதே மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் விளாத்திகுளம் சட்டமன்ற இடைத்தேர்தலில் அப்போது மாநிலத்தை ஆண்ட அ.தி.மு.க. ஜெயித்தது. மாநிலம் முழுக்க அப்படித்தான். மக்களவையில் ஒரே ஓர் இடத்தை மட்டும் ஜெயிக்க விட்ட வாக்காளர், 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் ஒன்பதைக் கொடுத்து அந்த ஆட்சியைக் காப்பாற்றியும் விட்டார். 2021-இல் ஆட்சி போனது. ஆனால் அந்த ஆட்சியில் அமைச்சராக இருந்த கடம்பூர் ராஜுவை இதே கோவில்பட்டி திரும்பவும் தேர்ந்தெடுத்தது. ரோட்டில் தெரிகிற கோபத்தை மட்டும் பார்த்து ஓட்டைக் கணிக்கிறவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். உள்ளூர் ரோடு, தண்ணீர், சாதி, பழக்கம், கையில் வந்த காசு எல்லாம் அந்தப் பொத்தானை அழுத்துகிறது. ஸ்டெர்லைட்டை மூடிவைத்ததும் தேர்தல் இல்லை. போராட்டத்துக்குப் பிறகு அரசு பிறப்பித்த மூடல் உத்தரவுதான் 2020-இல் உயர் நீதிமன்றத்திலும் 2024-இல் உச்ச நீதிமன்றத்திலும் நின்றது.

கடல் தாண்டிப் பாருங்கள். 2022 ஜூலையில் இலங்கை மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே புகுந்தார்கள், ஜனாதிபதி கோத்தபய நாட்டை விட்டு ஓடினார். ஆனால் அடுத்து வந்தவரைத் தேர்ந்தெடுத்தது பழைய பாராளுமன்றம். மூன்றே எம்.பி.க்கள் வைத்திருந்த அணி 159 இடங்களோடு வர 2024 ஆனது. நடுவில் போன இரண்டு வருஷம் கிராமம் கிராமமாகச் செய்த வேலையில் போயிற்று.

அந்த நடு வேலைக்குத்தான் உங்களை அழைக்கிறேன். ஆள்கிறவர்கள் மீது உங்களுக்கு ஆத்திரம் வரும் நாள் வரும். வரட்டும். அப்போது வண்டியைக் கொளுத்தாதீர்கள். கொளுத்திய வண்டியைக் காட்டித்தான் சுட்டதற்குக் கணக்குச் சொல்வார்கள். உங்கள் ஊர் கிராமசபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடுகிறது. போய் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தை வாங்கி வாசியுங்கள், எழுதாததை எழுதச் சொல்லுங்கள், எழுதியதற்கு நகல் கேளுங்கள். படிக்காத சம்சாரிக்கு மனு எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பதினெட்டு முடிந்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிடுங்கள்.

அரசு வேலைக்குப் போகிறவர்கள், சேர்ந்த முதல் மாதமே கூட்டத்தைக் கலைப்பது பற்றிய சட்டத்தையும் போலீஸ் நிலையாணையையும் தேடிப் படித்துவிடுங்கள். எச்சரிக்கை எப்போது, தண்ணீர் எப்போது, கண்ணீர்ப் புகை எப்போது என்று அதில் இருக்கிறது. தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று பிறகு சொல்ல வேண்டாம். போனில் வரும் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்காக உங்களை மாற்றுவார்கள். மாற்றட்டும், போங்கள்.