புயலின் கண்

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த இரவு. ஓட்டு வீட்டுக்காரர்களும் கூரை வீட்டுக்காரர்களும் பக்கத்து மாடி வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டோம். ஒரே கூடத்தில் ஐந்து குடும்பம். நடுவில் குழந்தைகள். கதவுக்கு முட்டுக்கொடுத்த நெல் மூட்டைகளில் முதுகைச் சாய்த்தபடி ஆண்கள். வெளியே தென்னை முறியும் சத்தம் கேட்கும்போதெல்லாம், "அது நம்ம மரம்" என்று ஒரு குரல் வரும். வைத்து வளர்த்தவர்களுக்கு இருட்டிலும் தெரிகிறது.

திடீரென்று காற்று நின்றது. மாட்டைப் பார்க்கிறேன் என்று ஒருவர் எழுந்தார். 1977 புயலைப் பார்த்த பாட்டி அவர் கையைப் பிடித்தார். "உட்காரு தம்பி, இன்னும் முடியலை."

அது புயலின் கண். நம் பக்கத்துப் புயல்கள் கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுழல்பவை. மேற்கு நோக்கி வரும் புயலில், முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். முதல் அடியில் ஆட்டம் கண்ட சுவர் இரண்டாவது அடியைத் தாங்குவது கடினம். வானொலியில் அறிவிப்பு வரும்வரை வெளியே போகவே கூடாது, நேயர்களே.

விடிந்து கதவைத் திறந்தோம். தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மாடி வீட்டு அக்கா ஐந்து குடும்பத்துக்கும் கட்டங்காப்பி போட்டார்.