ஆண்டுக் கட்டணமும் மாதக் கட்டணமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைப்பேசிக்கு ஓராண்டுக் கட்டணத்தை ஒருங்கே செலுத்துதல் நலமா, அன்றி அவ்வப்போது சிறுகச் செலுத்துதல் நலமா என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். இவ்வளவு சிறு விஷயத்துக்குத் தமிழ்ப் பண்டிதன் எதற்கு எனச் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். முதியோர் ஓய்வூதியமும், வங்கிக் கணக்கும், சமையல் எரிவாயுப் பதிவும் இன்று இவ்வெண்களையே பற்றி நிற்கின்றன. தவணை தவறின் முதலில் நாம் பிறரை அழைத்தல் நிற்கும். பின்னர் வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் வாராதொழியும்; நெடுநாள் பயன்படாது கிடப்பின் அவ்வெண் பிறர்க்கே உரியதாகிவிடும்.

மாதக் கட்டணம் என்று நாம் வழங்குவது பெரும்பாலும் 28 நாட் கட்டணமே. ஆண்டுக்குத் திங்கள் பன்னிரண்டு என்று பஞ்சாங்கம் கூறாநிற்க, ரீசார்ஜ் செய்வோர்க்கு மட்டும் பதின்மூன்று! 2022 ஜனவரியில் டிராய் ஆணையம், 30 நாட் செல்லுவதும், மாதந்தோறும் ஒரே தேதியிற் புதுப்பிக்கத் தக்கதுமான திட்டங்களையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருத்தல் வேண்டுமென விதித்தது. கடைக்காரர் அவற்றைத் தாமே எடுத்துக் கூறுவதில்லை.

ஆண்டுக் கட்டணத்தின் மெய்யான நயம் விலைக் காப்பே. 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வி ஆகிய மூன்று நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. அதற்கு முன்னரே ஆண்டுக்குச் செலுத்தியிருந்தோரை அவ்வுயர்வு அவர்தம் தவணை முடியுங்காறும் தீண்டவில்லை.

ஆயின் கையிற் பொருளில்லாதார் இந்நயத்தை விரும்பிக் கடன்படுதல் தகாது. கணக்கின் பொருட்டு 28 நாட்கு 300 ரூபாய் என்றும், ஆண்டுக்கு 3,600 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பதின்மூன்று முறை செலுத்தின் 3,900. ஆகவே ஆண்டுக் கட்டணத்தால் மிச்சம் 300. கையில் 300 ரூபாய் மட்டும் உடையார் ஒருவர் எஞ்சிய 3,300 ரூபாயை நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 300 வீதம் அடைப்பாராயின், வட்டி மட்டும் 396 ரூபாயாம். மிச்சம் பிடிக்கப் போய் 96 ரூபாய் இழந்தவராவார்.

இனி, விலகும் உரிமையைக் கருதுவோம். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரியில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. போர்ட் என்னும் ஆங்கிலச் சொல்லோடு தம் எண்ணைச் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி விடுப்பின் அதற்குரிய குறியீடு வரும். ஒரு நிறுவனத்தில் 90 நாள் கழிந்திருத்தல் வேண்டும். பிரீபெய்டு முறையில், மாறும்போது எஞ்சியுள்ள நாட்களின் பணம் திரும்பி வாராது. ஆகவே ஆண்டுக் கட்டணம் செலுத்தினார்க்கு அவ்வுரிமை ஏட்டளவில் உண்டேனும், பயன்கொள்ள மனம் வருமோ? நம் தமிழ்நாட்டிற் பெருவழக்காயிருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனுச் செய்தமையும், அலைவரிசை கிட்டாது மக்கள் எண்ணை மாற்றக் கடைவாயில்களிற் குழுமியமையும் இங்குள்ளார் பலர்க்கு நினைவிருக்கும்.

ஆகலின் ஒரு குடும்பத்திலேயே எல்லார்க்கும் ஒரே விதி பொருந்தாது. வெளியூர் விடுதியிற் சேரும் மாணவனும், வேலையின் பொருட்டு இன்று கோவை, நாளை ஓசூர் என்று திரியும் இளைஞனும் குறுந்தவணையே கொள்க. புகுந்த ஊரில் எந்நிறுவனத்தின் அலைவரிசை அறைக்குள்ளும் எட்டுகின்றது என்பதை ஒரு மாதமேனும் பாராமல் ஓராண்டைக் கொடுத்தல் பேதைமை. போஸ்ட்பெய்டு முறை, செலவை அலுவலகம் ஏற்பார்க்கே ஏற்றது என்பது எம் கருத்து.

வீட்டை விட்டகலாத பாட்டியாரின் பட்டன் போனுக்கோ நெடுந்தவணையே சிறந்தது. தவணை நாளை நினைவூட்டப் பேரப்பிள்ளை எப்போதும் அருகிருப்பானல்லன். அவர்க்கு டேட்டாவால் ஆவதொன்றில்லை. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டமொன்றேனும் இருத்தல் வேண்டுமென 2024 டிசம்பரில் டிராய் விதித்தது; அத்தகைய சிறப்புத் திட்டங்களின் உச்ச எல்லையும் 90 நாளினின்று 365 நாளாயிற்று. அடுத்த முறை கடைக்குச் செல்வோர் இத்திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு, விலையையும் நாட்களையும் ஒரு தாளிற் குறித்துக்கொண்டு வருக.