சனிக்கிழமை சம்பளமும் சாத்தூர் பஜாரும்

மைக் பிடிச்சுப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

ஒரு காலத்துல பேனா நிப்புன்னா சாத்தூர்தான். என் மாமனார் நிப்பு பட்டறையில் வேலை பார்த்தவர். பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழில் நொடிச்சுப் போச்சு. தீப்பெட்டி இருக்கேன்னு தைரியமா இருந்தோம். இங்க இருக்கிறவங்கள்ல பாதிப்பேர் கட்டை அடுக்கினவங்க, பெட்டி ஒட்டினவங்கதானே! மிஷின் தீப்பெட்டி வந்துச்சு, பின்னால லைட்டர் வந்துச்சு. 14 வருஷம் கழிச்சு 2021 டிசம்பரில்தான் பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆச்சு. அதுக்கு முன்னாடியே எங்க ஊர் தீப்பெட்டி ஆபீஸைப் பூட்டிட்டாங்க.

ஆபீஸ் பூட்டினதும் பஜாருக்கு என்ன ஆச்சுன்னு நான் கண்ணால பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கின கையோட பஸ் ஏறி பஜாருக்குத்தான் போவோம். பலசரக்கு, பிள்ளைக்கு ரிப்பன், கால் கிலோ சேவு. அந்தச் சம்பளம் நின்னதும் ஒவ்வொரு கடையா ஷட்டர் இறங்கிச்சு. சேவுக் கடைகள் மட்டும் அசையலை. வெளியூர்க்காரங்க காரை நிறுத்தி வாங்குறாங்களே!

எங்க குழு 12 பேர் கடன் வாங்கி, பூட்டிக்கிடந்த ஒரு கடையை வாடகைக்குப் பிடிச்சோம். முதல்ல நைட்டி, உள்பாவாடை வாங்கிப் போட்டோம். நான்தான் அடம்பிடிச்சேன். ஆறு மாசத்துல 18,000 ரூபாய் முடங்கிப் போச்சு. குழுவுல ஒரு அக்கா என்கிட்ட பேசுறதையே விட்டுட்டாங்க. அவங்க கோபம் நியாயம்தான், தவணை கட்ட கம்மலை அடகு வச்சாங்க.

பக்கத்து சேவுக் கடை அண்ணாச்சிதான் ஒருநாள் சொன்னார்: “சேவு வாங்க வர்றவன் நைட்டியா வாங்குவான்? அவன் பையில சேர்த்துப் போடுற மாதிரி ஏதாவது வைம்மா.” அதுக்காக சேவு போட்டு அவரோட போட்டி போட முடியுமா? நம்ம கரிசல்ல விளையுற கம்பு, குதிரைவாலி, சோளத்தை அரைச்சு அரைக்கிலோ பாக்கெட்டாப் போட்டோம். கம்பு அதிரசம் சுட்டு வச்சோம். சேவுப் பையோட அதுவும் போச்சு. கடன்ல இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கு. ஆனா இப்ப வாரச் சம்பளம் எடுக்குறோம், சனிக்கிழமைதான்! அதுல பாதி அதே பஜார்லயே செலவாகுது. அந்த அக்கா கம்மலைத் திருப்பிட்டாங்க. பேச்சும் வந்துருச்சு.

எங்களுக்கு அடுத்த கடையும் பூட்டித்தான் கிடக்கு. ஒரு குழுவால அந்த வாடகையைத் தாங்க முடியாது. கூட்டமைப்பு எடுத்தா, நாளுக்கொரு குழுன்னு முறை வச்சு நடத்தலாம். இன்னைக்குத் தீர்மானத்துல இதையும் எழுதிக்கணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன். நைட்டி மட்டும் வேண்டாம்.