ஒரு டம்ளர் தண்ணீர்

(ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் கொடுத்த செய்தி)



இன்று காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டால் உங்களில் யாருக்கும் கணக்குச் சொல்லத் தெரியாது. டயாலிசிஸ் வார்டுக்கு வருகிறவர்கள் சொல்லுவார்கள், அதுவும் மில்லி கணக்கில். காப்பி இவ்வளவு, மாத்திரை விழுங்க இவ்வளவு, ரசம் இவ்வளவு. சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு முட்டும். இளநீரும் ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் இருதயத்தைப் பாதிக்கும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் ஆசையாய் வாங்கிப் போவதோ அதைத்தான்!

அங்கே ஒரு பெரியவர் வருவார். தச்சு வேலை செய்தவர். வாரத்தில் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழியில்லை என்பது அவருக்கே தெரியும். ஒருநாள் சிகிச்சை முடிந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பேத்தி வந்தாள், நான்கு வயதிருக்கும். வெயிலில் வந்த களைப்பு. ஒரு டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் கடகடவென்று குடித்தாள். பிறகு டம்ளரைக் கவிழ்த்து, விளிம்பில் தொங்கிய கடைசிச் சொட்டைப் பார்த்து, "தாத்தா, விழப்போவுது, விழப்போவுது!" என்று கூவினாள். விழுந்தது. கைதட்டிச் சிரித்தாள்.

தாத்தாவுக்கு முன்னால் இப்படிக் குடித்துவிட்டாளே என்று தாய் பதறிப்போய்ப் பிள்ளையை அப்பால் இழுத்தார். பெரியவர் தடுத்தார். "இருக்கட்டும்மா, இன்னொரு டம்ளர் குடு. அவ குடிக்கிறதப் பாத்தா எனக்கே தொண்டை நனைஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

அந்தப் பிள்ளைக்குத் தாகமும் தெரிந்தது, சொட்டும் தெரிந்தது. நாமோ தாகம் எடுக்குமுன்னே குடித்துவிடுகிறோம்; அதனால் தண்ணீரின் ருசியே மறந்துபோயிற்று. பாடுபடுகிறவர்களிடம் போய், "இருக்கிற நன்மைகளை எண்ணி ஸ்தோத்திரியுங்கள்" என்று உபதேசிக்க எனக்குப் பிரியமில்லை. அது சுகமாயிருக்கிற நமக்குரிய வேலை.

நம்முடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியேறுகிறது. மற்றதெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே போய்ச் சேருகிறது. நாம் தூங்கும்போதும் இது நடக்கிறது. 139ஆம் சங்கீதத்தில் தாவீது தன் சரீரத்தை நினைத்து வியந்து துதிக்கிறார். அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, பாருங்கள்!

1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரே சாயலான இரட்டையரில் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார்கள். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் அது நடந்தது. புதுச் சிறுநீரகத்தில் இரத்தம் பாய்ந்ததும், பல வேளைகளில் சில நிமிஷங்களிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கும். அதன்பின் நர்சுகள் மணிக்கு மணி அளந்து எழுதுவார்கள்.

தாயிடமிருந்து சிறுநீரகம் பெற்ற ஒரு வாலிபரைச் சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். கட்டிலோரம் தொங்கின பையைக் காட்டி, "ஐயா, பாத்தீங்களா? எல்லாம் நான் போனது!" என்றார். சின்னப் பிள்ளை தான் வரைந்த படத்தைக் காட்டுவதுபோல் இருந்தது. அதற்காகவே இருவரும் ஜெபித்தோம். சிறுநீருக்காக ஸ்தோத்திரம் சொல்ல இறையியல் கல்லூரியில் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

தண்ணீர் நிறையக் குடிக்கும்படி டாக்டர் இப்போது அவருக்குச் சொல்லியிருக்கிறார். தாராளமாய்க் குடிக்கலாம் என்றாலும், ஒவ்வொரு டம்ளரையும் அவர் மெதுவாய்த்தான் குடிக்கிறார்.