சதி அகல்யா முதல் சதி லீலாவதி வரை: தமிழ்த் திரையில் இல்லறமும் நகைச்சுவையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தில், டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிறுவனத்தின் முதற்படம் 1937-இல் வெளிவந்த 'சதி அகல்யா' என்பது, மணவாழ்வில் நேரும் சபலத்தைத் தமிழ்த் திரை எங்கிருந்து பார்க்கத் தொடங்கியது என்பதைக் காட்டுகிறது. கணவனின் உருவில் வேற்றான் வருவதாகிய ஆள்மாறாட்டம் அகலிகை கதையிலேயே உண்டு. எனினும் ஆசைப்பட்டவன் இந்திரனாக இருக்க, கல்லாகிக் கிடப்பவள் மனைவியாக இருப்பதால், சிரிப்பதற்கு அங்கே இடமில்லை.

அதற்கு ஓராண்டு முன்னர், 1936-இல், எஸ். எஸ். வாசனின் கதையை எல்லிஸ் ஆர். டங்கன் படமாக்கிய 'சதி லீலாவதி'யில், குடியும் வேற்றுப் பெண்ணின் மயக்கமும் பிடித்த கணவன், குற்றமற்ற மனைவியையே ஐயுற்று, முடிவில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தவறியவன் துன்பப்படுகிறான் என்றாலும், கதையின் எடை முழுவதும் மனைவியின் பொறுமை மீதே ஏற்றப்பட்டுள்ளது.

மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா 1995-இல் அதே பெயரில் இயக்கிய படத்தில் இந்த எடை இடம் மாறுகிறது. ரமேஷ் அரவிந்த் ஏற்ற அருண், கல்பனா நடித்த மனைவி லீலாவதிக்குத் தெரியாமல், ஹீராவின் பிரியாவோடு பெங்களூருக்குப் போகிறான். ஆயின் பொய் தனியே பயணம் செய்வதில்லை; அதற்குச் சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும். கமல்ஹாசன் ஏற்ற மருத்துவர் சக்திவேல் கவுண்டர், கோவை சரளாவின் பழனியோடு அந்தச் சுழலில் அகப்பட்டுக்கொள்ள, கிரேசி மோகனின் உரையாடல் கொங்குப் பேச்சின் இழுவையில் ஓடுகிறது. இங்கு மனைவியின் கற்பு சோதிக்கப்படுவதில்லை, கணவனின் நினைவாற்றலே சோதிக்கப்படுகிறது: யாரிடம் எதைச் சொன்னோம் என்பதை மறந்தவனே இவ்வகை நகைச்சுவையின் நாயகன். 1999-இல் இந்தியில் 'பீவி நம்பர் 1' என இக்கதை மறுபிறவி எடுத்ததற்கும் இந்த அமைப்பின் எளிமையே காரணமாகலாம்.

கல்பனாவின் பங்கு தனியே கருதத்தக்கது. பாக்யராஜின் 'சின்ன வீடு' (1985) படத்திலும், கணவனின் கண்ணுக்கு அழகு போதாத பருமனான மனைவியாக வந்தவர் அவரே. பத்தாண்டு இடைவெளியில் ஒரே நடிகையை ஒரே காரணத்துக்காகவே திரை அழைத்தது என்பது அதன் பழக்கத்தைப் பற்றிய கசப்பான செய்தி. என்றாலும் இரு படங்களிலும் கேலியைத் தாங்குபவராக நில்லாமல், கேலி செய்பவனின் சிறுமையைத் தம் முகபாவத்தாலேயே அவர் அம்பலப்படுத்துகிறார். 1936-இன் லீலாவதிக்குக் கிட்டாத ஒன்று, கணவனை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கும் வாய்ப்பு, இவருக்குக் கிட்டியது.