ஒத்தை ஓட்டு என்ன செய்யும்?

(கோரிக்கை மாநாட்டில் சங்கச் செயலாளர் பேசியது)



"கட்சி இல்லாத ஆளு சபைக்குப் போயி என்னத்தைக் கிழிப்பான்?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆஸ்திரேலியாவில் டோனி விண்ட்சர் என்றொரு விவசாயி. 2001 முதல் 2013 வரை நியூ இங்கிலாந்து தொகுதியின் சுயேச்சை எம்.பி. அந்தப் பக்கம் நம்ம கரிசல் போலக் கறுத்த மண், அடியிலே நிலக்கரி. அதுதான் வினை.

2010 தேர்தலில் 150 இடத்தில் எவருக்கும் 76 வரவில்லை. 17 நாள் பேசி, கிராமப்புற மருத்துவம், கல்வி, இணைய வசதி என்று எழுத்திலே வாங்கிக்கொண்டுதான் ஜூலியா கில்லார்டு அரசை ஆதரித்தார். 2011-ல் சுரங்க வரிக்கு ஓட்டுக் கேட்டார்கள். தண்ணீர்ப் பாதிப்பை ஆராய விஞ்ஞானிகள் குழு அமைக்கச் சொன்னார், அமைத்தார்கள். 2013-ல் சட்டமே திருத்தப்பட்டது: பெரிய நிலக்கரிச் சுரங்கமோ நிலக்கரிப் படுகை எரிவாயுவோ நீராதாரத்தைக் கணிசமாகப் பாதிக்குமென்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன், அது தடைச் சட்டம் இல்லை. ஆனால் அவர் விலகிய பிறகும் நிற்கிறது. 2023-ல் ஷேல் எரிவாயுவுக்கும் விரித்தார்கள்.

இங்கே டெல்டாவில் மீத்தேனை எதிர்த்தோம். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏற்கெனவே ஓடுகிற எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை.

ஆகவே, ஓட்டுக் கேட்டு எவர் வந்தாலும், கட்சிக்காரரோ சுயேச்சையோ, வாய்ப்பேச்சு வேண்டாம். கோரிக்கையை நீட்டுங்கள், கையெழுத்து வாங்குங்கள். வருசா வருசம் கணக்குக் கேளுங்கள்!