இருபதாவது கிழமைக்கு முன்னால்

(டவுன்டவுனில் நடந்த எங்கள் மாதாந்தக் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் இப்ப 19 கிழமைக் கர்ப்பம். போன வருஷம் ஒரு பிள்ளை 11 ஆவது கிழமையில வயித்திலேயே அழிஞ்சு போச்சு. இதை ஒரு கூட்டத்தில சொல்லுறது இதுதான் முதல் தரம். பரிதாபம் வேண்டாம். கேட்டால் போதும்.

இந்த முறை சந்தோஷத்தை விடப் பயம்தான் கூட. பாத்ரூம் போற ஒவ்வொரு முறையும் இரத்தம் இருக்கா எண்டு பார்க்கிறன். பீல் மெட்ரோவில படிகளை எண்ணி எண்ணி ஏறுறன். ஸ்கேனுக்கு முதல் நாள் நித்திரை இல்லை. ஸ்கேன் முடிஞ்சா இரண்டு நாள் நிம்மதி, பிறகு திரும்பவும் அதே பயம். வீட்டில வைச்சு இதயத்துடிப்புக் கேட்கிற கருவி ஒண்டு வாங்கப் பார்த்தன். தாதி மறிச்சுப் போட்டா. அதில உங்கட துடிப்பையே பிள்ளையின்ர துடிப்பு எண்டு நினைச்சு ஏமாறலாம் எண்டா.

போன முறை அம்மா கேட்டவா: "பாரம் ஏதும் தூக்கினியோ? அன்னாசி சாப்பிட்டியோ?" அன்பிலதான் கேட்டவா. ஆனால் எனக்கு அது "நீ என்ன பிழை செய்தாய்?" எண்டுதான் கேட்டது. உண்மை என்னவென்றால், தெரியவந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் கருச்சிதைவில் முடிகிறது. முதல் மூன்று மாதங்களில் நடப்பவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் பிழை. அன்னாசிக்கும் படிக்கட்டுக்கும் அதில் பங்கில்லை.

இது ஆறுதல்தான். ஆனால் பயமும் இதுக்குள்ளதான் இருக்கு. நான் பிழை ஒண்டும் செய்யேல்லை எண்டால், இந்த முறை தடுக்கவும் என்னால ஏலாது. அதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கனகாலம் எடுத்தது. பிறகுதான் வேற ஒரு கேள்வி வந்தது: என்ர கையில இல்லாததுகளில எதெல்லாம் எங்கள் எல்லாருடைய கையிலயும் இருக்கு?

நான் பிறக்க முதல் அம்மாவுக்கும் ஒரு பிள்ளை அழிஞ்சது. அப்ப அவா இங்கதான், டவுன்டவுன் அலுவலகக் கட்டடங்களில இரவுக் கிளீனிங் வேலை. மூன்றாம் நாள் திரும்ப வேலைக்குப் போனவா. பிறகு நான் வயித்தில இருக்கேக்கயும் அதே பயத்தோட அதே வாளியைத் தூக்கினவா. இதெல்லாம் இந்த வருஷம்தான் எனக்குச் சொன்னவா.

கியூபெக்கில் 1979 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணித் தொழிலாளிக்கு ஓர் உரிமை தருகிறது. வேலை ஆபத்தானது என்று மருத்துவச் சான்றிதழ் இருந்தால், முதலாளி ஆபத்தில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வேலையை நிறுத்தலாம். நிகர வருமானத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அம்மாவுக்கு இதை ஒருவரும் சொல்லேல்லை. வேலையாலதான் அந்தப் பிள்ளை போனது எண்டு நான் சொல்ல வரேல்லை, அது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவா அவ்வளவு பயத்தைத் தனியச் சுமந்திருக்கத் தேவையில்லை.

சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. 20 ஆவது கிழமைக்கு முன் இழந்தால் பொதுவாக மூன்று கிழமை வரை சம்பளமில்லாத லீவு. அதற்குப் பின் என்றால் பெற்றோர் காப்புறுதியில் 18 கிழமை வரை பணம் கிடைக்கலாம். அதுவும் 2,000 டொலராவது வேலை வருமானம் காட்டியவர்களுக்கு. ஸ்காலர்ஷிப் அதில் சேராது. நான் நாலாம் நாள் கட்டிலில இருந்து விடைத்தாள் திருத்தினனான். 2021 முதல் இங்கே பிறக்கிற பிள்ளைக்குப் பெற்றோரின் விசா நிலை எப்படி இருந்தாலும் மருத்துவக் காப்புறுதி உண்டு. ஆனால் அந்தச் சட்டம் கடதாசி இல்லாத தாயின் பேறுகாலச் செலவைச் சேர்க்கவில்லை.

ஆகவே மூன்று வேலை கேட்கிறன். ஒண்டு, இந்த உரிமைகளைத் தமிழில ஒரு பக்கத்தில எழுதி, பார்க் எக்ஸ்டென்ஷனிலயும் கோட்-டே-நேஜிலயும் குடுப்பம். இரண்டு, ஸ்கேனுக்குத் தனியப் போறவையோட பிரெஞ்சு தெரிஞ்ச ஒருவர் கூடப் போகட்டும். மூன்று, பயம் மிஞ்சினால் 811 அடிச்சு இரண்டை அழுத்தினால் இரவிலும் சமூக சேவையாளர் ஒருவர் கதைப்பார். இதை எல்லாருக்கும் சொல்லுங்கோ.

வாற செவ்வாய் எனக்கு 20 ஆவது கிழமை ஸ்கேன். என்ன வரும் எண்டு தெரியாது. இந்த அறையில இருக்கிற ஒரு தோழர் என்னோட வாறா. அம்மாவும் வேலைக்கு லீவு போட்டிட்டு வாறா.